குட்டிதானே கடிச்சது!

"சின்னக் குட்டிதான் சார். ரெண்டு மாசம் ஆகுது. பல்லு முளைக்குது போல, கண்ணுல படுறதையெல்லாம் கடிக்குது. கையில லேசா பல்லு பட்டிருக்கு, ரத்தம்கூட சரியா வரல. இதுக்கெல்லாமா ஊசி?"

மாதத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களில் பாதிப் பேர், நான் "பரவால்ல, வேண்டாம்" என்று சொல்லிவிட மாட்டேனா என்ற எதிர்பார்ப்போடுதான் கேட்கிறார்கள்.

என் பதில் எப்போதும் இரண்டு பகுதி.

குட்டி கடிப்பது அதன் இயல்பு. அதுக்காக அதை அடிக்காதீங்க. சாக்குப்பையில் போட்டு மார்க்கெட் பக்கம் விட்டுட்டு வராதீங்க.

அதே சமயம், தடுப்பூசி போடாத குட்டியின் பல் உங்கள் தோலில் பதிந்தால் அதுவும் நாய்க்கடிதான். ஊசி போட்டே ஆகணும்.

முதல் பகுதியைச் சொல்லும்போது சிரிக்கிறவங்க, இரண்டாவதைச் சொன்னதும் முகம் மாறிடுறாங்க. "இயல்புன்னு நீங்கதானே சொன்னீங்க, அப்புறம் எதுக்கு ஊசி?" ஓ.பி. கூட்டத்துல ரெண்டு நிமிஷத்துல இதுக்குப் பதில் சொல்ல முடியறதில்ல. அதான் இந்த நீண்ட த்ரெட். கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல நடந்த ஒண்ணைச் சொல்லிடுறேன். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எட்டு ஒன்பது வருடம் இருக்கும். சர்க்கரை நோய்க்காக என்னிடம் வழக்கமாக வரும் ஒருவர், அன்று மனைவியோடு வந்திருந்தார். பிரஷர் பார்க்க கையை நீட்டச் சொன்னேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சின்னச் சின்னக் கீறல்கள். சில ஆறிப்போய், சில புதுசாக.

"என்னண்ணே இது?"

"ஒண்ணுமில்ல டாக்டர். பொண்ணு அடம்பிடிச்சு ஒரு குட்டியைத் தூக்கிட்டு வந்தா. டீக்கடைப் பக்கம் கிடந்துச்சாம். பல்லு முளைக்கிற நேரம்ல, விளையாட்டுக்குக் கடிக்கும்."

"குட்டி இப்போ எப்படி இருக்கு?"

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாதான் சொன்னாங்க.

"நேத்து செத்துப்போச்சு சார். ரெண்டு நாளா பால் குடிக்கல. வாயெல்லாம் எச்சில் ஒழுகிட்டே இருந்துச்சு. பல்லு முளைக்கிறப்போ அப்படித்தான் இருக்கும்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. தொண்டையில ஏதாவது சிக்கியிருக்குமோன்னு இவர்கூட வாய்க்குள்ள விரலை விட்டுப் பார்த்தார்."

பிரஷர் மெஷினை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

குட்டியைப் புதைத்து, மேலே ஒரு செடியும் நட்டுவிட்டார்கள். கடித்த நாய் பத்து நாளுக்குள் செத்துப்போனால், வேறு காரணம் உறுதியாகத் தெரியாதவரை அதை ரேபிஸ் என்று எடுத்துக்கொண்டுதான் சிகிச்சை தர வேண்டும். அன்று மாலையே வீட்டில் இருந்த நாலு பேரும் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். குட்டியோடு விளையாடிய பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் தேடிப் பிடித்து அழைத்துப் போனோம். நானும் கூடப் போனேன்.

குட்டியைத் தூக்கி வந்த பொண்ணுக்கு எட்டு வயசு. கன்னத்தில் ஒரு பல் தடம். அந்த இடத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியைச் செலுத்தியபோது அவள் அழுததை இப்போது நினைத்தாலும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அழுது முடிச்சிட்டு அவள் கேட்டாள்: "ஜிம்மிக்கும் இந்த ஊசி போட்டிருந்தா செத்திருக்காதா அங்கிள்?"

ஆறு பேரும் இன்று நன்றாக இருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் அன்று என்னிடம் வந்தது சர்க்கரை மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு போக. கடியைப் பற்றிச் சொல்ல இல்லை.

சரி, இப்போ விஷயத்துக்கு வருவோம்.

குட்டிக்குப் பால் பல் மூன்றாவது வாரத்தில் எட்டிப் பார்க்க ஆரம்பிக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் 28 பால் பற்களும் வந்துவிடும். நம்ம குழந்தைகளுக்கு 20 பால் பல், அதுவும் ரெண்டரை வருஷம் ஆகும். நாய் ரெண்டே மாசத்துல முடிச்சிடும். அந்தப் பற்கள் ஒவ்வொன்றும் தையல் ஊசி மாதிரி கூர்மை. நான்காவது மாதம் வாக்கில் அவை விழத் தொடங்கும். ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்து நிற்கும். இந்தக் காலம் முழுக்க ஈறு வலிக்கும், அரிக்கும், எதையாவது கடித்தால்தான் அதுக்கு நிம்மதி. ஆக, கடி அதிகமாக இருப்பது சுமார் இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை.

இப்போ இன்னொரு கணக்கு. குட்டிக்கு ரேபிஸ் தடுப்பூசி வழக்கமாக மூன்று மாதம் ஆன பிறகுதான் போடப்படுகிறது. போட்ட அன்றைக்கே பாதுகாப்பு வந்துவிடாது, சில வாரங்கள் ஆகும்.

ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. குட்டி அதிகமாகக் கடிக்க ஆரம்பிக்கும் காலமும், அதுக்கு ரேபிஸ் பாதுகாப்பு இல்லாத காலமும் ஒண்ணா வருது. "குட்டிதானே" என்று நாம் தளர்த்திக்கொள்கிற இடம் சரியாக அதுதான். பெரிய நாய் கடித்தால் பதறி ஓடுகிறோம். தடுப்பூசியே போட முடியாத வயதில் இருக்கும் குட்டி கடித்தால் தேங்காய் எண்ணெய் தடவுகிறோம்.

"பிறந்தே ரெண்டு மாசம், அதுக்கு எப்படி ரேபிஸ் வரும்?" என்று கேட்பார்கள். ரேபிஸ் வயசைப் பார்த்து வருவதில்லை. நோயுள்ள நாயின் எச்சில் காயத்தில் பட்டால் வரும். தெருவில் பிறந்த குட்டியை நாம் தூக்குவதற்கு முன்னால் அதை எந்த நாய் கடித்தது, எது நக்கியது என்று யாருக்குத் தெரியும்? பணம் கொடுத்து வாங்கிய குட்டிக்கு ஆபத்து குறைவாக இருக்கலாம். ஆனால் "லேப்ரடார் சார், பதினஞ்சாயிரம்" என்பது தடுப்பூசி சான்றிதழ் ஆகாது.

இதில் எனக்கு ரொம்பப் பயமான விஷயம் ஒன்று உண்டு. பல் முளைப்பதும் ரேபிஸும் ஆரம்பத்தில் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே மாதிரி தெரியலாம். எச்சில் ஒழுகும். கண்டதைக் கடிக்கும். சாப்பாட்டில் நாட்டம் குறையும். ஜிம்மி விஷயத்தில் நடந்தது அதுதான்.

ஆனால் வித்தியாசம் உண்டு. பல் முளைக்கும் குட்டி துறுதுறுவென்று இருக்கும், கடித்துவிட்டு வாலை ஆட்டும், கொஞ்சம் சாப்பிடும், தூங்கி எழுந்து மறுபடி ஓடிவரும். நோய் வந்த குட்டியின் குணமே திடீரென்று மாறும். மூலையில் போய்ப் பதுங்கும், அல்லது காரணமே இல்லாமல் பாயும். குரைப்பு கரகரவென்று மாறும். முழுங்க முடியாது, தாடை தொங்கும், நடை தள்ளாடும். இதில் ஏதாவது தெரிந்தால் வாய்க்குள் விரலை விட்டு எலும்பு தேடாதீங்க. குட்டியைத் தனியே அடைத்துவிட்டு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க. நீங்க நேரா எங்ககிட்ட வாங்க.

அடுத்து, பல் பட்டுவிட்டது. என்ன செய்யணும்?

சோப்பு. ஓடுற தண்ணி. பதினைந்து நிமிஷம்.

இதைப் படிக்கும்போது "தெரியும் தெரியும்" என்று தாண்டிப் போகாதீங்க. கடிகாரத்தைப் பார்த்து பதினைந்து நிமிஷம் குழாயடியில் கையை நீட்டி நின்று பாருங்க, எவ்வளவு நீளமான நேரம் என்று புரியும். பெரும்பாலானோர் அரை நிமிஷம் கழுவிட்டு வந்து "நல்லா கழுவிட்டேன் சார்" என்கிறார்கள். ரேபிஸ் வைரஸுக்கு மேலே ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. சாதாரண துணி சோப்பே அதைக் கரைத்துவிடும். ஆயிரக்கணக்கில் செலவு செய்து போடும் ஊசிக்கு முன்னால், பத்து ரூபாய் சோப்பு பாதி வேலையை முடித்து வைக்கிறது. கழுவிய பிறகு பெட்டாடைன் போடலாம். கட்டு போட வேண்டாம். தையல் முடிந்தவரை தவிர்ப்போம்.

மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், காபித்தூள், பெட்ரோல். இவை எல்லாவற்றையும் காயத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி பேரனுக்குப் பச்சை மிளகாயை அரைத்து அப்பியிருந்தார். எரிச்சல் வந்தால் விஷம் இல்லை என்று அர்த்தமாம். அந்தப் பையன் ஊரே கேட்கும்படி கத்தியிருக்கிறான். விஷம் இல்லை என்று திருப்தியாக இருந்திருக்கிறார்கள்.

ஊசி எப்போது? உலக சுகாதார நிறுவனம் இதை மூன்றாகப் பிரிக்கிறது. தொட்டது, உணவு கொடுத்தது, காயமில்லாத தோலில் நக்கியது: கழுவினால் போதும், ஊசி வேண்டாம். வெறும் தோலைக் கவ்வியது, ரத்தம் வராத கீறல்: கழுவணும், தடுப்பூசியும் போடணும். பல் தோலைத் துளைத்தது, ரத்தம் வந்தது, ஏற்கெனவே இருந்த புண்ணிலோ கண், வாய் போன்ற ஈரமான இடத்திலோ எச்சில் பட்டது: தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும்.

இதில் எங்கேயும் "குட்டியாக இருந்தால் விட்டுவிடலாம்" என்று ஒரு வரிகூட இல்லை. ரத்தம் வரவில்லை என்பதும் தப்பிக்கும் வழி இல்லை. என் துறைக்காரர்களிலும் சிலர் "குட்டிதானே, டிடி மட்டும் போட்டுக்கோங்க" என்று அனுப்பி விடுகிறார்கள். டிடி போடுவது டெட்டனஸுக்கு. ரேபிஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. இதை எழுதுவதற்கு எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதணும்.

தடுப்பூசி, அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். தசையில் போடும் முறை என்றால் 0, 3, 7, 14, 28. முதல் ஊசி போட்ட நாள்தான் 0. கையில்தான் போடுவோம், சின்னக் குழந்தைகளுக்குத் தொடையில். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பது பழைய காலத்து மருந்து. அது நம் நாட்டில் நிறுத்தப்பட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அந்தப் பயம் மட்டும் இன்னும் போகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தடுப்பூசி இலவசம். இம்யூனோகுளோபுலின் தேவைப்பட்டால் பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், அதையும் தள்ளிப் போடக் கூடாது. முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் தாண்டிவிட்டால் அதைக் கொடுப்பதில் பயன் இல்லை.

பத்தியம் கிடையாது. கறி, மீன், முட்டை தாராளமாகச் சாப்பிடலாம். இந்தப் பத்தியத்துக்குப் பயந்தே நடுவில் கோர்ஸை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

"பத்து நாள் குட்டியைப் பார்த்துட்டு அப்புறம் ஊசி போட்டுக்கவா?" வேண்டாம். ஊசியை ஆரம்பித்துவிட்டு, கூடவே குட்டியையும் கவனிங்க. கடித்ததிலிருந்து பத்து நாள் அது நல்லபடியாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். அப்போது மீதி ஊசிகளைப் பற்றி உங்கள் டாக்டர் முடிவு செய்வார். வரிசையை மாற்றிச் செய்யாதீங்க. முதலில் ஊசி, அப்புறம்தான் வேடிக்கை பார்ப்பது.

நாய்க்கடியைப் பற்றி எழுதும்போதெல்லாம் வரும் இன்னொரு கேள்வி: "தினமும் கடிக்குது சார், அப்போ தினமும் ஊசியா?"

இல்லை. கடி பட்டு ஒருமுறை முழு கோர்ஸ் முடித்தவர்களுக்கு, அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி கடி பட்டால் காயத்தை நன்றாகக் கழுவினால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குப் பிறகு கடித்தால் 0, 3 என்று இரண்டு டோஸ் மட்டும். இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. ஊசி போட்ட சீட்டைப் பத்திரமாக வைத்திருங்க, போட்டோ எடுத்து மொபைலில் வைத்தால் இன்னும் நல்லது.

அதனால் என் அபிப்பிராயம் இது: குட்டி வளர்க்கப் போகிறோம் என்று முடிவு செய்த வீட்டில், குட்டி வருவதற்கு முன்னாலேயே எல்லோரும் முன்தடுப்பு ஊசியைப் போட்டுக்கொள்வது நல்லது. கடி படுவதற்கு முன்பே போடும் ஊசி அது. படுக்கை, பெல்ட், கிண்ணம், பெயர் என்று எல்லாவற்றுக்கும் ஒரு மாதம் திட்டம் போடுகிறோம். இது மட்டும் பட்டியலில் வருவதே இல்லை. நாய்க்குட்டி உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இதன் அவசியம் இன்னும் அதிகம். வெறிபிடித்ததாகச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடி படுபவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குக் குறைந்த குழந்தைகள். அவர்கள் பல நேரம் வீட்டில் சொல்வதே இல்லை. சொன்னால் அடி விழும், அல்லது குட்டியைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்ற பயம். உங்கள் பிள்ளை ஒரு கீறலைக் காட்டினால் முதல் வார்த்தையாகத் திட்டாதீங்க, ப்ளீஸ்.

ரேபிஸ் தவிர இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாயின் வாயில் பல வகை பாக்டீரியாக்கள் உண்டு. சர்க்கரை நோயாளிகள், மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள், கீமோதெரபியில் இருப்பவர்கள் சின்னப் பல் தடத்தையும் டாக்டரிடம் காட்டணும். விரல் மூட்டில் பட்ட கடியை யாருமே லேசாக எடுக்கக் கூடாது.

இப்போ குட்டி பக்கம் வருவோம். நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன். இந்தப் பகுதியில் எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டுக் கால்நடை மருத்துவரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது.

நாய்க்குக் கை கிடையாது. நம்ம குழந்தை எதையும் கையால் தொட்டு, வாயில் வைத்துப் பார்க்கிற மாதிரி, குட்டி வாயாலேயே தொட்டுப் பார்க்கும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதை அது கற்றுக்கொள்வது தாயிடமும் கூடப் பிறந்த குட்டிகளிடமும். ஒன்று இன்னொன்றை ஓங்கிக் கடித்தால், கடிபட்டது "கீச்"சென்று கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். நாலு தடவை இப்படி நடந்தால் குட்டிக்குப் புரியும்: பலமாகக் கடிச்சா விளையாட ஆள் இருக்காது.

அந்தப் பாடம் முடிவதற்குள் குட்டியைப் பிரித்து விற்கிறார்கள். முப்பது நாள், முப்பத்தைந்து நாள் குட்டியெல்லாம் அட்டைப்பெட்டியில் வருகிறது. 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. வாங்குகிற நாம்தான் "சின்னதா இருந்தா நல்லா பழகும்" என்று கேட்டு வாங்குகிறோம். அப்புறம் "ரொம்பக் கடிக்குது" என்கிறோம்.

வீட்டில் செய்ய வேண்டியது தாய் செய்ததையேதான். பல் அழுத்தும்போது விளையாட்டை நிறுத்துங்க. கையைப் படக்கென்று இழுக்காதீங்க, இழுத்தால் அதுக்கு அது இன்னும் விளையாட்டு, கீறலும் ஆழமாகும். அப்படியே அசையாமல் இருந்து, எழுந்து, அரை நிமிஷம் வேறு பக்கம் போய்விடுங்க. திரும்பி வந்து கையில் ஒரு பொம்மையைக் கொடுங்க. அதைக் கடித்தால் பாராட்டுங்க. அவ்வளவுதான். ஆனால் இதை வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்யணும். எங்கள் வீட்டில் நானும் மனைவியும் ஒழுங்காகச் செய்தோம்; என் மச்சான் வரும்போதெல்லாம் விரலை ஆட்டி ஆட்டிக் கடிக்க விடுவான். மூணு வாரப் பாடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் காலி. கையை வைத்து விளையாட்டு காட்டவே கூடாது.

பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினால் குட்டி துரத்திக் கடிக்கத்தான் செய்யும். "மரம் மாதிரி நில்லு" என்று சொல்லிக் கொடுங்க. ஓடாதே, கத்தாதே, கையைக் கட்டிக்கோ. தெருநாய் துரத்தினாலும் இதே பாடம்தான், அதனால் பழக்கினது வீண்போகாது.

சாயங்காலம் ஆனால் குட்டிக்கு ஒரு பேய் பிடிக்கும். வெறித்தனமாக ஓடும், கண்டதைக் கவ்வும். பெரும்பாலும் அது தூக்கம் போதாத குட்டி. ஒரு நாளைக்கு 18 மணி நேரம் போலத் தூங்க வேண்டிய ஜீவன் அது. வருகிறவன் போகிறவன் எல்லாம் எழுப்பிக் கொஞ்சினால் தூங்காத கைக்குழந்தை மாதிரிதான் நடந்துகொள்ளும். அமைதியான மூலையில் விட்டுப் பாருங்க.

ஈறு வலிக்கு, பழைய துண்டு ஒன்றை நனைத்து, முறுக்கி, ஃப்ரீசரில் வைத்துக் கடிக்கக் கொடுங்க. குளிர்ச்சியான முழு கேரட் கொடுக்கலாம். ரப்பர் பொம்மை நல்லது. நீங்கள் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதியணும், பதியாத அளவு கெட்டியான பொருள் பல்லை உடைக்கும். எது கொடுத்தாலும் பக்கத்தில் ஆள் இருக்கணும். எங்கள் ஊர்ப் பக்கம் தேங்காய் மட்டையைக் கொடுப்பார்கள். நாரைப் பிய்த்து முழுங்கினால் குடலில் போய்ச் சிக்கும், வேண்டாம். வேகவைத்த கோழி எலும்பு கூடவே கூடாது, சிம்பு சிம்பாக உடைந்து குத்தும். பழைய செருப்பையும் கொடுக்காதீங்க. எது பழையது, எது போன வாரம் வாங்கியது என்று அதுக்குத் தெரியாது. சார்ஜர் வயரை எட்டாத இடத்தில் வைங்க.

டாக்டராக ஒரு முக்கியமான எச்சரிக்கை. குட்டிக்கு வலி என்று நம்ம வீட்டுப் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் சிரப்பையெல்லாம் ஊற்றாதீங்க. ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும். குழந்தைகளின் ஈறில் தடவும் மரத்துப்போகிற ஜெல்லும் வேண்டாம்.

அடிப்பதைப் பற்றி. மூக்கில் தட்டுவது, வாயை இறுக்கிப் பிடிப்பது, சங்கிலியால் விளாசுவது. இதில் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: மனுஷன் கை வந்தா வலிக்கும். விளையாட்டாகக் கவ்விய குட்டி, பயந்து கடிக்கும் நாயாக மாறும். உறுமினாலும் அடி விழும் என்று தெரிந்துகொண்ட நாய் உறுமுவதையும் நிறுத்திவிடும். எச்சரிக்கை இல்லாமல் நேராகக் கடிக்கும். என்னிடம் முகத்தில் கடியோடு வந்த குழந்தைகளின் வீடுகளில் நான் விசாரித்துப் பார்த்தவரை, பல இடங்களில் அந்த நாய்க்கு அடி வாங்கிய சரித்திரம் இருந்தது.

இன்னும் மோசம், நாலைந்து மாதத்தில் "தாங்கல" என்று தெருவில் விடுவது. யோசித்துப் பாருங்க: பல் விழுந்து முளைக்கிற, கடிக்கிற பழக்கம் இன்னும் போகாத, பெரும்பாலும் ரேபிஸ் ஊசி போடாத ஒரு குட்டியைத் தெருவில் விடுகிறோம். அடுத்த வாரம் அதே தெருவில் "நாய்த்தொல்லை" என்று மனு கொடுக்கிறோம். இன்னும் ரெண்டு மாசம் பொறுத்திருந்தால் பல் மாறி முடிந்து, கடியும் பெருமளவு குறைந்திருக்கும்.

ஏழு மாதம் ஆகியும் பால் பல் விழாமல் புதுப் பல்லுக்குப் பக்கத்திலேயே நின்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க. சின்ன ஜாதி நாய்களில் இது அதிகம். ஆறு மாதம் தாண்டியும் கடியின் வேகம் கூடிக்கொண்டே போனாலோ, சாப்பாட்டுத் தட்டுக்கிட்ட யார் வந்தாலும் உறுமிப் பாய்ந்தாலோ அதையும் காட்டணும். அது பல் சமாச்சாரம் இல்லை.

எங்கள் வீட்டுக் குட்டிக்கு இப்போ ஐந்து மாசம். போன வாரம் பாயைத் தட்டும்போது அரிசி மாதிரி ஒரு பல் விழுந்தது. மூணு மாசத்துல ரேபிஸ் ஊசி போட்டாச்சு, கார்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு. என் கையிலும் ரெண்டு தழும்பு இருக்கு. ரெண்டுக்கும் ஊசி போட்டுக்கிட்டேன். பூத்ல நர்ஸ் சிரிச்சாங்க, "உங்களுக்குமா டாக்டர்?"ன்னு.

பூனைக் கீறலுக்கும் இதேதானா என்று ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. ஆமா, ஊசி விஷயத்தில் இதேதான். பூனையைப் பற்றி மற்றதைத் தனியா எழுதுறேன்.